மன்னார்குடி ரேடியேட்டர் பட்டறை: பத்து மாதம் வண்டி ஓடிய பிறகு எழுதுகிறேன்

எங்களுடையது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். 45 எச்.பி. டிராக்டர் ஒன்றும் வைக்கோல் கட்டும் பேலர் ஒன்றும் வாடகைக்கு ஓட்டுகிறோம். ஓட்டுவது டிரைவர் தம்பி. டீசல், ரிப்பேர், கணக்கு, வசூல் எல்லாம் நான். ஒரு பட்டறையைப் பற்றி இப்படி உட்கார்ந்து எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. இன்ஜின் தண்ணீரைக் குளிரவைக்கிற ரேடியேட்டர் பழைய செம்பு வகையாக இருந்து, அதைப் புதிதாக மாற்றுவதா ரிப்பேர் செய்வதா என்று தவிக்கிறவர்கள் எங்கள் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன பிப்ரவரி. சம்பா அறுவடை முடிந்து, அறுவடை மெஷின் போன வயலில் பின்னாலேயே நாங்கள் பேலரை இறக்கியிருந்தோம். காய்ந்த வைக்கோலைப் பேலர் அள்ளும்போது கிளம்புகிற தூசியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பதர், சுணை, வைக்கோல் பொடி எல்லாம் சேர்ந்து வண்டியையே மறைத்துவிடும். டிராக்டர் ஃபேன் முன்பக்கத்திலிருந்து காற்றை உள்ளே இழுப்பதால் அத்தனையும் நேராக ரேடியேட்டர் முகத்தில்தான் போய் ஒட்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு டிரைவர் தம்பி போன் செய்தான். "அக்கா, முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு, மூடி வழியா தண்ணி கொதிச்சு ஊத்துது."

நான் முதலில் சொன்னது, "மூடியைத் தொடாதே." என் மாமனாரின் வலது கையில் முழங்கை வரை தோல் வேறு நிறத்தில் இருக்கும். முப்பது வருஷத்துக்கு முன் சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததால் வந்தது. மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும். அதனால் நூறு டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், ஆவியும் கொதிநீருமாகக் கிளம்பி முகத்தில் அடிக்கும். வண்டியை வரப்போரம் நிறுத்தி, அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். சூடாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் விரிசல் விழுந்துவிடும்.

ஆறிய பிறகு பார்த்தால் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் மஞ்சள் தூள் வாங்கிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தான். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் என்பது நம்மூர் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பொடி ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். வயலிலிருந்து வீடு வந்து சேர அது உதவியது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே பொடி மற்ற குழாய்களிலும் போய்த் தங்கும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அடுத்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். யார், எந்த ஊர் என்பது வேண்டாம். அவர் ஒழுகலை அடைக்கும் பவுடர் ஒன்றைப் போட்டார். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி என் கையிலேயே கொடுத்து, "இது நம்ம வெயிலுக்குத் தேவையில்லை" என்றார். மூடி தளர்ந்திருக்கிறது என்று வேறு ஒன்றை மாட்டினார். எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் முன்பு ஒரு இடத்தில் ஒழுகியது மூன்று இடத்தில் ஒழுகியது. திரும்பப் போனபோது, புது ரேடியேட்டர் போட வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்றார். சீசனில் ஒரு நாள் வண்டி நின்றால் எவ்வளவு போகும் என்பது வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பணத்தை எண்ணி எடுத்து வைத்துவிட்டேன். அப்போதுதான் அறுவடை மெஷின் வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர், "அவசரப்படாதே, மன்னார்குடி பாய்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்றார்.

பட்டறை தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கதவில் வெள்ளை பெயிண்டில் 'ரேடியேட்டர்' என்ற ஒரு சொல் மட்டும் எழுதியிருக்கும். வாசலில் சிமெண்ட் தொட்டி, அதில் பச்சையாகத் தண்ணீர். உள்ளே சுவர் முழுக்கப் பழைய ரேடியேட்டர்கள். பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மகன் கூட வேலை செய்கிறார்.

எங்கே ஒழுகுகிறது என்று அவர் கேட்கவே இல்லை. "என்ன தண்ணிம்மா ஊத்துறீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. போர் தண்ணீர் என்றேன். "சோப்பு நுரைக்குமா?" என்றார். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணியெல்லாம் விறைத்துக்கொள்ளும். தலையை ஆட்டிக்கொண்டு, மூடிப் பக்கமாக விரலை விட்டு வழித்து என்னிடம் காட்டினார். மஞ்சளும் துருவும் பவுடரும் கலந்த சேறு. "இது அடைப்பு. ஓட்டை அப்புறம்தான்" என்றார்.

அடுத்து அவர் கேட்டது வண்டி ஓடும்போது ரேடியேட்டருக்குள் குமிழி வந்ததா, தண்ணீரில் எண்ணெய் மிதந்ததா என்று. ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போயிருந்தால் இன்ஜினில் எரிந்த புகை தண்ணீருக்குள் புகுந்து குமிழியாக வரும். அப்படி இருந்தால் ரேடியேட்டரை எத்தனை தடவை ரிப்பேர் செய்தாலும் வீண். டிரைவர் தம்பி அப்படி எதுவும் பார்க்கவில்லை என்று சொன்ன பிறகுதான் வேலைக்கே ஒத்துக்கொண்டார். தன் வேலையில்லாத கோளாறுக்குத் தன்னிடம் காசு கொடுக்க வேண்டாம் என்று நினைக்கிற ஆள். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் அடைப்பான் போட்டு மூடி, ஒன்றில் காற்றுக் குழாயைச் செருகி, தொட்டித் தண்ணீரில் அமுக்கினார்கள். மூன்று இடத்தில் குமிழி கிளம்பியது. இரண்டு இடம் மேல் டாங்கிக்குக் கீழே, குழாய்கள் வந்து சேருகிற தகட்டில். மூன்றாவது நடுவில் ஒரு குழாயிலேயே. அப்புறம் மேல் டாங்கி, கீழ் டாங்கி இரண்டையும் சூடு காட்டிப் பிரித்தெடுத்தார்கள். பழைய வகை ரேடியேட்டரில் இது முடியும். பித்தளைக் குழாய், குழாய்களுக்கு நடுவே ஃபின் என்கிற மெல்லிய செம்புத் தகடு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பற்று. செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். ஈயப்பற்று 200, 250 டிகிரிக்குள் இளகிவிடும். அதனால் மற்றதைக் கெடுக்காமல் பிரிக்கலாம், திரும்பச் சேர்க்கலாம்.

டாங்கியைத் திறந்து பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரிய வேண்டிய இடத்தில் பாதிக்குப் பாதி வெள்ளையாக மூடியிருந்தது. கொதிக்கிற பாத்திரத்தின் அடியில் படிகிற அதே உப்புதான். அந்தப் படிவு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். அடைக்காமல் ஓரமாகப் படிந்திருந்தாலே போதும், குளிர்ச்சி போய்விடும். பாயின் மகன் மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மேலிருந்து கீழ்வரை விட்டு இழுத்தார். ஊசியில் நூல் கோக்கிற பொறுமை. இரண்டரை மணி நேரம் அது மட்டுமே நடந்தது. வேகமாகக் குத்தினால் பழைய பித்தளை கிழிந்துவிடுமாம்.

நடுவில் ஓட்டையான குழாயையும், பக்கத்தில் தேய்ந்து போயிருந்த இன்னொன்றையும் இரண்டு முனையிலும் ஈயம் வைத்து மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன் பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இரண்டு மூடுறேன்ம்மா. இரண்டுன்னா வித்தியாசம் தெரியாது. அஞ்சாறு போச்சுன்னா நானே புதுசு வாங்கச் சொல்லிடுவேன்." கேட்காமலே சொன்னார். மூடிய குழாய் எத்தனை என்பதை மேல் டாங்கியில் பெயிண்டில் '2' என்று எழுதியும் வைத்தார், அடுத்து வேறு யார் திறந்தாலும் தெரியட்டும் என்று.

பற்று வைப்பதை நான் நின்று பார்த்தேன். ஒழுகிய இடத்தைச் சுரண்டி, பளபளவென்று பித்தளை தெரியும்வரை தேய்த்து, ஆசிட் தடவி, நவச்சாரம் காட்டி, ஈயக் கம்பியை ஓடவிட்டார். சின்ன வயசில் எங்கள் தெருவுக்குப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். அதே வாசனை. இந்தப் புகை உடம்புக்கு ஆகாது என்று பாய் ஒரு மேசை ஃபேனை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, புகையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே வேலை செய்தார். வேலை முடிந்து ஆசிட் மிச்சம் இருக்கக் கூடாது என்று சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவினார்கள். இதைச் செய்யாத பட்டறைகளும் உண்டு. மிஞ்சிய ஆசிட் ஆறு மாதத்தில் அதே இடத்தை அரித்துவிடும்.

இதெல்லாம் ரிப்பேர். ஆனால் இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது வேறு ஒன்றுக்காக. ஏன் ஒழுகியது என்று அவர் தேடினார்.

முதலில் மூடி. என் பழைய மூடி வீட்டில் டிரைவர் தம்பியின் டூல் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்து வரச் சொன்னார். அதில் 7 என்று எண் இருந்தது. மெக்கானிக் மாட்டிய மூடியில் 13. இந்த எண் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தத்தில் மூடி திறக்கும் என்பதற்கானது. 7 பவுண்டு மூடியில் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரிவரை கொதிக்காது. 13 என்றால் இன்னும் கூடுதலாகத் தாங்கும், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 7 பவுண்டுக்குக் கட்டிய பழைய ஈயப்பற்று 13-ஐத் தாங்காமல் பிரியும். மேல் தகட்டில் புதிதாக வந்த இரண்டு ஒழுகலுக்கும் இதுதான் காரணம் என்றார். பழைய மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் அதே 7 எண்ணில் புதிது ஒன்று கொடுத்தார்.

இரண்டாவது, ரேடியேட்டர் உட்காருகிற ரப்பர் புஷ். எங்கள் வண்டியில் எப்போதோ ரப்பர் தேய்ந்து போய், யாரோ இரும்பு வாஷர் வைத்து இறுக்கியிருந்தார்கள். அதனால் வண்டியின் அதிர்வு அத்தனையும் நேராக ரேடியேட்டருக்கு வந்திருக்கிறது. கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் போட்டுச் சேற்றுழவு ஓட்டிவிட்டு அப்படியே ரோட்டில் ஏறினால் வண்டி எப்படி உதறும் என்று யோசித்துப் பாருங்கள். நடுக் குழாய் விண்டது அதனால்தான். நாலு புஷ் 160 ரூபாய். எங்களுக்கு 14,000 செலவு வைக்கப் பார்த்தது இந்த 160 ரூபாய்ச் சாமான்.

தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போடச் சொன்னார். எங்கள் வண்டியுடையது 82 டிகிரியில் திறப்பது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், டீசல் சரியாக எரியாது, கரி பிடிக்கும். நம் வெயிலுக்குத் தேவையில்லை என்பது தவறு. போடுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, திறக்கிறதா என்று என் கண்ணெதிரில் காட்டினார்.

மொத்தம் 3,100 ரூபாய், மூடியும் புஷ்ஷும் சேர்த்து. இரண்டு நாள் ஆனது. ரேடியேட்டரைக் கழற்றி மாட்டியது டிரைவர் தம்பி, அது தனிக் கூலி.

ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலண்ட் பற்றி எனக்கும் பாய்க்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. "இங்கே என்ன பனியா உறைகிறது, எதுக்கு கூலண்ட்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். உறையாமல் இருப்பது அதன் ஒரு வேலை மட்டுமே என்றார். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் சில டிகிரி கூடும். அதைவிட முக்கியம் துருவைத் தடுக்கிற மருந்து அதில் இருக்கிறது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் ஓடுகிற இரும்பு உருளைகளான லைனர்களைத் தண்ணீர் நேராகத் தொடும், அவை அதிர்கிற அதிர்வில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி, வெடித்து, இரும்பில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். வெறும் தண்ணீரில் அது சீக்கிரம் நடக்கும். இப்போது பச்சை கூலண்டும், பேட்டரி கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. எங்கள் வண்டிக்கு மொத்தம் 10 லிட்டர் பிடிக்கிறது. போர் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. அவசரத்துக்கு ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று வண்டியிலேயே கட்டியிருக்கிறது. வேறு நிறக் கூலண்டை இதோடு கலக்கக் கூடாது.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கூலண்ட் இனிக்கும். தரையில் கொட்டினால் நாயும் ஆடும் நக்கிக் குடிக்கும். அது விஷம், சிறுநீரகத்தை அழித்துவிடும். இறக்கும்போது வாளியில் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் கொட்டில் வண்டி நிற்கிற இடத்துக்குப் பத்தடியில் இருக்கிறது. அன்றிலிருந்து வண்டியின் கீழே சொட்டு தெரிந்தால் நான் கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிறேன்.

தூசிக்கு வலை போடச் சொன்னதும் பாய்தான், ஆனால் அது நான் தவறு செய்து கற்றுக்கொண்டது. முதலில் ஜன்னலுக்குப் போடும் கொசுவலையை வாங்கி கிரில்லுக்குப் பின்னால் கட்டினேன். இருபது நிமிஷத்தில் முழுசாக மூடிக்கொண்டு முள் ஏறியது. கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் வலையே அடைப்பாகிவிடுகிறது. அப்புறம் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை வெல்டிங் பட்டறையில் சட்டம் அடித்து, மேலே உருவி எடுக்கிற மாதிரி செய்தோம். 900 ரூபாய் ஆனது. பேலர் ஓடும்போது மணிக்கு ஒரு தடவை டிரைவர் தம்பி இறங்கி உருவித் தட்டிவிட்டுப் போடுகிறான். ஒரு நிமிஷ வேலை.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதிலும் நாங்கள் இத்தனை வருஷம் தலைகீழாகச் செய்திருக்கிறோம். வாட்டர் சர்வீஸில் முன்னால் நின்று பிரஷரில் அடிப்பார்கள். தூசி முன்பக்கமாக உள்ளே வந்தது. முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளேதான் போகும். போதாததற்கு ஃபின் எல்லாம் மடிந்து காற்றுப் போகும் வழி அடைந்துவிடும். ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கிக் காற்று அடிக்க வேண்டும், அதுவும் தள்ளி நின்று. வயலில் கம்ப்ரஸர் இல்லாததால் பேட்டரியில் ஓடும் கைப் ப்ளோயர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்ஜின் முன்பக்கம் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். எண்ணெய் பட்ட ஃபின்னில் சுணை ஒட்டினால் பசை மாதிரி, எந்தக் காற்றுக்கும் போகாது. மடிந்த ஃபின்களை பாயின் மகன் சீப்பு மாதிரி ஒன்றை வைத்து நிமிர்த்திக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

குறைகளும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். பில் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதித்தான் தருகிறார். போன் எடுப்பதில்லை. பெண்கள் போனால் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, கழிப்பறையும் இல்லை. நான் எதிர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். அலுமினிய ரேடியேட்டரை அவர் தொட மாட்டார். புது வண்டிகளில் வருகிற அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டாங்கி வகையில் இந்த ஈயப்பற்று பிடிக்காது, டாங்கியும் தகட்டை மடித்து இறுக்கியது. அந்த மாதிரி கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். அலைச்சல் மிச்சம்.

இப்போது பத்து மாதம் ஆகிவிட்டது. மேட்டூர் தண்ணீர் வந்ததும் குறுவைக்குச் சேற்றுழவு, அப்புறம் சம்பாவுக்கு உழவு, இடையில் குறுவை வைக்கோல் என்று வண்டி நிற்கவே இல்லை. முள் பாதியைத் தாண்டவில்லை. ஆகஸ்டில் அடியில் தண்ணீரை இறக்குகிற திருகான டிரெய்ன் காக்கில் லேசாக ஈரம் தெரிந்தது. கொண்டு போனேன், வாஷர் மாற்றி 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். கூடவே ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, தொய்வு அதிகம் என்று டிரைவர் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தார். அரை அங்குலத்துக்குள்தான் அமுங்க வேண்டும் என்பது எங்கள் வண்டிக்கு அவர் சொன்ன அளவு.

போகிறவர்கள் ரேடியேட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளாம்ப், ரப்பர் புஷ், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டு போங்கள், எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல் திறப்பார். முடிந்தால் பொங்கலுக்கு முன்பே போய்விடுங்கள். அறுவடை மெஷின்கள் வயலில் இறங்கிவிட்டால் அந்தத் தகரக் கதவுக்கு வெளியே பத்து ரேடியேட்டராவது வரிசையில் சாய்த்து வைத்திருக்கும்.